மாப்பிள்ளையின் கேசட்டுக்கு நான் வேண்டிக்கொண்டது

ரங்கூனில், பசுந்தாங்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் அடியில், மாடிப்படி ஏறுகிற இடத்தை ஒட்டி நான் இட்லிக் கடை போட்டிருந்தேன். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு கரி அடுப்பு, குட்டை குட்டையாகச் சில பிளாஸ்டிக் முக்காலிகள். நம் ஆட்கள், பர்மாக்காரர்கள், சீனர்கள் எல்லாரும் வருவார்கள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த முக்காலியில்தான் மாப்பிள்ளையும் முதலில் வந்து உட்கார்ந்தார். பர்மாவில் கரேன் என்கிற இனத்துக்காரர். அலோன் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை. முதுகில் கிட்டாரோடு ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பஸ் ஏறி வந்து இட்லி தின்பார். என் இட்லி அவ்வளவு தூரம் பேர் வாங்கியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பரிமாறுவது என் மகள் என்பதை நான் கவனிக்கவில்லை. கல்யாணமெல்லாம் ஆகி வெகு நாள் கழித்துத்தான், அவருக்கு இட்லி பிடிக்கவே பிடிக்காது என்று மகள் சொன்னாள். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று தின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

பர்மாவில் இதற்கு 'ஆனாதே' என்று பெயர். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படக் கூடாது என்று, நம் மனதில் இருப்பதை வெளியே விடாமல் விழுங்கிவிடுவது. தமிழில் கூச்சம் என்றால் போதாது, தாட்சண்யம் என்றால் கொஞ்சம் கிட்டத்தில் வரும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது உண்டு. மாப்பிள்ளைக்கு அது ரத்தத்தோடு ஓடியது. எனக்கு மட்டும் கிடையாது.

அவர் பாடியது கன்ட்ரி பாட்டு. சின்ன வயதில் அவர்கள் மாதாகோயிலில் கிட்டார் பழகியவர். அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டுக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு குதிரை, மலை என்று பாடுவார்கள். இவர் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. தோணி, படித்துறை, மூட்டை தூக்குகிற ஆட்கள், மழையில் நனைந்த லுங்கி, இப்படித்தான் இவர் பாட்டு இருக்கும். பர்மியப் பாஷையில் பாடினாலும் எனக்கு நன்றாகப் புரியும். அப்போது முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் பாட்டின் மெட்டை எடுத்து, அதற்குப் பர்மிய வார்த்தை போட்டுத்தான் கேசட் போடுவார்கள். மாப்பிள்ளைக்கு மெட்டும் சொந்தம், வார்த்தையும் சொந்தம். அதனாலேயே அவரை வைத்துக் கேசட் போட யாரும் முன்வரவில்லை. நாலு பேர் சேர்ந்து பாடும் கேசட்டில் ஒரு பாட்டு, கல்யாண வீட்டில் இரண்டு பாட்டு என்று வருஷங்கள் போயின. முழுக் கேசட்டும் தன் ஒரு குரலில் வரவேண்டும் என்பது அவர் ஆசை. அதையும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மகள் சொல்லித்தான் தெரியும்.

அதனால் நான் முருகனிடம் போனேன். கியாக்தான் போகிற வழியில் ஒரு கிராமத்தில் எங்கள் குலத்தார் கும்பிடும் முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடி எடுப்பார்கள், வேல் குத்துவார்கள், கூட்டம் நெரியும். அந்த வருஷம் கூட்டத்தில் நின்று, கையைத் தலைக்கு மேல் கூப்பி, சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். முருகா, மாப்பிள்ளை பேரில் கேசட் வரட்டும், கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுத்து வருவார் என்று.

யார் குத்திக்கொள்வார் என்று நான் சொன்னேனோ, அவரைக் கேட்கவில்லை. நம் வீடுகளில் யார் கேட்கிறார்கள்? அம்மா வேண்டிக்கொள்வாள், பிள்ளை மொட்டை போட்டுக்கொள்ளும். அது வழக்கம்தானே.

முருகன் காது கொடுத்தான். கேசட் கடை வைத்திருந்த ஒரு பர்மாக்காரர் மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் பாடக் கேட்டுவிட்டு, இவர் பாட்டையே போடலாம் என்றார். எல்லாரும் அவரைச் சயா என்பார்கள், நாம் ஐயா என்கிற மாதிரி, நானும் அப்படியே கூப்பிடுவேன். பாட்டு வார்த்தைகளுக்குச் சர்க்காரிடம் அனுமதி வாங்கச் சில மாதம் ஆனது. அதற்குப் பிறகு வாசிக்கிறவர்கள் கிடைக்க வேண்டும். நல்ல கிட்டார், நல்ல டிரம்ஸ் என்று ரங்கூனில் சில பேர்தான். எல்லாருடைய கேசட்டிலும் அவர்களேதான் வாசிப்பார்கள். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வந்துவிட்டால் பந்தல் பந்தலாக அவர்கள் போய்விடுவார்கள், கையைப் பிடிக்க முடியாது. திஞ்சானுக்கு முன்னால் ஒரு வாரம் அவர்களைப் பிடித்து வைத்திருப்பதாகச் சயா சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் தொடங்குகிற நாளைப் பார்த்தால், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உத்திரத்தன்று வேல், மறுநாள் பாட்டு. முருகனே நாள் குறித்துக் கொடுத்ததாக எனக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளையிடம் வேண்டுதலைச் சொன்னேன். அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். பிறகு, "சரிங்க அமே" என்றார். அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா.

விரதம் தொடங்கினார். மஞ்சள் துணி, தரையில் படுக்கை, கவிச்சி கிடையாது. கரேன்காரருக்கு நாப்பி இல்லாமல் சோறு இறங்காது. மீனைப் புளிக்க வைத்து அரைக்கிற அந்த விழுதுதான் அவர்களுக்கு உப்பு, புளி, காரம் எல்லாம். அது இல்லாமல் ரசத்தையும் தயிரையும் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அப்போது பாவமாக இல்லை. எவ்வளவு பக்தி பார் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் சயா என் கடைக்குச் சாப்பிட வந்தார். மஞ்சள் துணியோடு மாப்பிள்ளை படியிறங்கி வேலைக்குப் போவதைப் பார்த்து, என்ன விசேஷம் என்றார். நான் விலாவாரியாகச் சொன்னேன். வேல் எவ்வளவு நீளம், இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் எப்படி வெளியே வரும் என்று விரலால் காட்டவும் செய்தேன். சயாவின் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றுவிட்டது. ரத்தம் வராது, சாயங்காலமே சோறு சாப்பிடுவார்கள், திருநீறு வைத்தால் ஆறிப்போகும் என்றேன்.

"மறுநாள் பாடுவாங்களா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அரோகரான்னு வழியெல்லாம் பாடிக்கிட்டுத்தானே வராங்க" என்றேன்.

நல்லது, நல்லது என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தட்டில் பாதி இட்லி கிடந்தது. என் கடையில் அது நடக்காத காரியம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டொரு நாளில் மகள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை எடுத்தாள். அந்த வாரத்தை வேறொரு பாடகருக்குச் சயா கொடுத்துவிட்டார் என்றாள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வந்த ஆளும், சயாவுக்குக் கோபமில்லை, வேறு சமயம் பார்க்கலாம் என்று இனிப்பாகத்தான் சொன்னானாம். வேறு சமயம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? திஞ்சான் போனால் மழைக்காலம், மழைக்காலம் போனால் புது ஆள், புதுப் பாட்டு.

"ஏம்மா, உன் முருகனுக்கு அவரு கன்னந்தான் கெடச்சுதா?" என்றாள்.

"என்னடி இது, அவரே சந்தோஷமாத்தானே விரதம் இருக்காரு."

"அவரு எதுக்குத்தான் சந்தோஷமா இல்ல? ஆத்துல குதிங்க மாப்பிள்ளேன்னு நீ சொன்னாலும், சரிங்க அமேன்னு செருப்பக் கழட்டி வெச்சுட்டுக் குதிப்பாரு. ஏழு வருஷமா இட்லி தின்னாரே, மறந்துட்டியா?"

அன்று அவர் வேலை விட்டு வந்ததும் எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். வேல் என்றால் பயமா என்று. நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.  அவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார், என் கடையில் பொறுக்கிய தமிழ்.

"பயம் இல்லே அமே. ஊசி குத்தலாம், வலிக்கலாம், பரவால்லே. ஆனா கன்னத்துலே ஓட்டே இருந்தா காத்து போயிடும். விசில் வராது."

எந்த விசில் என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள், அடிச்சுக் காட்டுங்க என்றாள். அவர் எழுந்து பால்கனிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று விசிலடித்தார்.

அலோன் படித்துறையிலிருந்து தோணி புறப்பட்டுப் போகிற பாட்டு அது. வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும். கரையில் நிற்கிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போன பிறகு, தோணி மறைகிற வரைக்கும் அவன் விசிலடித்துக்கொண்டே நிற்கிறான். பாட்டின் அந்தக் கடைசிப் பாகத்தை நான் கேட்டதே இல்லை. ஏன் என்றால், வீட்டுக்குள் விசிலடித்தால் லட்சுமி தங்கமாட்டாள் என்று அவர் மருமகனாக வந்த புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து துறைமுகத்தில் மட்டும்தான் பழகியிருக்கிறார். இரும்புத் தகடும் லாரியும் போடுகிற சத்தத்தில் நின்று அதைப் பழகியிருக்கிறார்.

கீழே தெருவில் வெற்றிலை பாக்கு விற்கிறவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.  

மறுநாளே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனேன். வேல் குத்திவிடுகிற பெரியவர் கயிறு திரித்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார். நேர்ந்ததை மாற்றலாமா என்று கேட்டேன். நேர்ந்துகிட்டது யாரு என்றார். நான்தான் என்றேன்.

"அப்ப முருகன் பாத்தது உன் மூஞ்சியத்தானே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் திரிக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மனசு லேசாகிவிட்டது. கோயிலுக்குக் கட்டிய புடவையோடு நேரே கேசட் கடைக்குப் போய்ச் சயாவின் எதிரில் நின்றேன்.

"சயா, அவரு வாய் உங்களுக்கு. முருகனுக்கு என் வாயைக் குடுக்கறேன். பாட்டு நாளத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

சயா சிரித்தார். பிறகு முகம் வாடியது. இன்னொரு பாடகருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டதே, அவரிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, ஆனாதே ஆனாதே என்று தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அது கெடையாது. வீடு எங்கேன்னு சொல்லுங்க" என்றேன்.

வீடு அலோனில், ஆற்றை ஒட்டி, ஒரு மரக்கடைக்குப் பின்னால். மகளையும் கூட்டிக்கொண்டு, தூக்கில் இட்லியும் சட்டினியுமாகப் போனேன். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே சேர்த்து வைத்துக்கொண்டேன். அந்தப் பாடகர் நீள முடியோடு, சந்தனம்போல அரைத்த தனக்கா பூசிய முகத்தோடு வந்து பாய் விரித்தார். சங்கதியைச் சொன்னதும், அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவரிடம் கேசட்டுக்கு வேண்டியதில் பாதிப் பாட்டுக்கூட இல்லையாம். அந்தப் பாதிக்கும் அனுமதி வரவில்லையாம். சயா ஆசையாகக் கேட்டபோது இல்லை என்று சொல்ல அவருக்கு ஆனாதே. அன்றிலிருந்து சாப்பாடு இறங்காமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கொண்டுபோன இட்லியை எல்லாம் தின்று தீர்த்தார். அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படியாக, ஒவ்வொருவரும் விழுங்கி வைத்திருந்ததை நான் வெளியே எடுத்து, நாள் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது.

விரதத்தை இனி விடலாம், நாப்பி வாங்கிவரட்டுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். இருக்கட்டும், பால்குடம் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வருகிறேன் என்றார். அவருடைய அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் கரேன்காரர்கள் நெய்கிற சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் தலைக்குக் குடை பிடித்தார். என் வயதுக்கு வேலா என்று சிலர் கேட்டார்கள். குத்தும்போது எறும்பு கடித்ததுபோல இருக்கும் என்பார்கள். எறும்புதான், ஆனால் கொஞ்சம் பெரிய எறும்பு. மேளம் அடிக்க, வெயிலில் தார் இளகிக் கிடக்க, வெறுங்காலோடு நடந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை, ஒரு துளி பால் சிந்தாமல், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வந்தார். சயாவும் வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என் கன்னத்திலிருந்து வேலை உருவினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, நாப்பியும் பச்சைக் காயுமாக எவ்வளவு சோறு சாப்பிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், கண்பட்டுவிடும்.

மறுநாளிலிருந்து பாட்டு. ஸ்டூடியோ என்றால் அதுவும் ஒரு குடித்தன வீடுதான். சுவரெல்லாம் முட்டை அடுக்குகிற அட்டையும் பழைய மெத்தையும் அடித்திருந்தார்கள். ஜன்னல் திறக்கக் கூடாது, காற்றாடி சுற்றக் கூடாது, செருப்புச் சத்தம் கூடாது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஓடிப்போய் அவரவர் இடத்தில் உட்காருவார்கள். போனால் வெளியே வந்து விசிறிக்கொள்வார்கள். நான் தினமும் சோற்றுக் கேரியரோடு போய் மூலையில் உட்கார்ந்துகொள்வேன். வேறு நாளாக இருந்தால் பேச்சுச் சத்தத்துக்காக என்னைப் படியிறக்கி விட்டிருப்பார்கள். கன்னம் வீங்கி, திருநீறு அப்பி, எனக்குக் கஞ்சி குடிக்கிற அளவுக்குத்தான் வாய் திறக்க முடிந்தது. என்னைப்போல அடக்கமான பெண்பிள்ளையை அந்த ஸ்டூடியோவில் யாரும் பார்த்ததில்லையாம். அதை மகள்தான் சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள்.

தோணிப் பாட்டைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றார். வார்த்தையெல்லாம் வழுவழுவென்று வந்தது. விசில் வரவேண்டிய இடம் வந்ததும், உதட்டைக் குவித்தார். வெறும் காற்று. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் காற்று. தண்ணீர் குடித்தார், உதட்டைத் துடைத்தார், மூன்றாவது தடவையும் அதே கதை. வாத்தியத்தையெல்லாம் நடத்துகிற கிட்டார்க்காரர், பாடுகிறவர் களைத்துவிட்டார்போல, விசிலை விட்டுவிட்டுக் கிட்டாரை வைத்து முடிக்கலாம் என்றார். சயாவும் சரி என்று தலையாட்டினார். சாயங்காலத்தோடு வாசிக்கிறவர்கள் எல்லாரும் பந்தலுக்குப் போகவேண்டியவர்கள்.

மாப்பிள்ளை சரி சரி என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மனுஷனுக்கு விசில் எப்படி வரும்?

எழுந்து வெளியே போயிருக்கலாம். போனால் நான் கோபித்துக்கொண்டு போனதாக நினைப்பார். வாயைத் திறந்து சொல்லலாம் என்றால் வீக்கம். அதனால் நேரே கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அவரைப் பார்த்தபடி, திருநீறு அப்பிய என் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்து, உதட்டைக் குவித்து, என் பிறவியில் முதல் தடவையாக விசிலடித்தேன்.

ஈர விறகை அடுப்பில் வைத்ததுபோல ஒரு புஸ். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை, இன்னொரு புஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மைக்கை விட்டுத் தள்ளி நின்றதால் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, ஆரம்பிக்கலாம் என்றார்.

விசில் வந்தது. நீளமாக, கொஞ்சமும் பிசகாமல், தோணி தூரத்தில் போகப் போகச் சன்னமாகிக்கொண்டே. நான் கண்ணாடி முன்னாலேயே நின்றேன். முடிந்ததும் கிட்டார்க்காரர் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். சயா என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அருமை, போதும், கிளம்பலாம் என்று எல்லாரும் எழுந்தார்கள்.

மாப்பிள்ளை மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்றார்.

"போதாது. இன்னும் நல்லா வரும். எல்லாரும் உக்காருங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வேண்டாம், போதாது என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சயா வாட்சைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் உச்சுக் கொட்டினார். மாப்பிள்ளை அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்தார்கள். நானும் என் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

விசில் வந்ததில் இரண்டாவதாக எடுத்ததுதான் கேசட்டில் இருக்கிறது. எனக்கென்னவோ முதலாவதே நன்றாக இருந்தது என்றுதான் தோன்றும். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். இல்லை அமே, இரண்டாவதுதான் என்று இன்றைக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்.